அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

கண்ணுகளா, இன்று இந்தக் கடற்கரையில் உங்க அம்மா "ஏனுங்க!" என்றதும் ஏழெட்டு ஆண்கள் திரும்பினார்கள். நான் உடனே உங்களைக் கரைக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக வந்தபோதும் இதே கோவளத்தில் பாதிக் கூட்டம் நம்ம கோயமுத்தூர்க்காரர்கள்தான். என் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பெரிய அலை எழுந்தது.

"ஏனுங்க! ஏனுங்க!" என்று என் அம்மா அலறினார். யாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அப்பா திரும்பவில்லை. அலை அவரைத் தூக்கிப் பாறையில் அடித்தது. மண்டை உடைந்து நுரை சிவந்தது. அப்படியே கடல் உள்ளே இழுத்தது.

"பழனிச்சாமி!"

அதுவரை அம்மா வாயில் வராத பேர். நுரைக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. அதைப் பிடித்து நாலு பேர் கரைக்கு இழுத்தார்கள்.

ரத்தம் வழியச் சிரித்தார் அப்பா. "ஏனம்மணி, பேரச் சொல்லிப்போட்டயே?"

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். "இனியும் சொல்லுவேனுங்க!"

உங்க அம்மாவும் என் பேரைச் சொல்லிப் பழகட்டும்.