லயத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு

செல்போன் ரிப்பேர் கடைக்காரன் பாதி நேரம் போனைப் பிரித்துக்கொண்டிருப்பதில்லை. யாரோ மறந்துபோன பாஸ்வேர்டுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான். நீலகிரி மஞ்சூரில் அப்படி நிற்பவன் நான். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற எழுத்தைத் தொட்டுத் தொட்டே விரல் தேய்ந்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

யாரைக் கேட்பது?

செல்லம்மாக்கா தேயிலை பறிப்பவர். சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கையிலிருந்து வந்தவர். அங்கே அத்தை வீட்டில் விட்டுவந்த தங்கையைப் போன வருடம்தான் ஆன்லைனில் கண்டுபிடித்தார். நம்பரும் தெரியாது, விலாசமும் தெரியாது. பேச்செல்லாம் அந்த ஒரே கணக்கு வழியாகத்தான்.

மழையில் அவருடைய டச் போன் செத்தது. வேறு போன் வாங்கி வந்தார். அது பாஸ்வேர்டு கேட்டது. கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். எஸ்டேட் லயத்தில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு சுவர் பொது. பாஸ்வேர்டும் பொது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “எனக்குத் தெரியாது தம்பி. லயத்துல கேட்டா யாராவது சொல்லுவாங்க.”

டார்ச் லைட்

என் கடை பெஞ்சில் தினமும் உட்காருபவர் பழனிசாமி சார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. எந்த ஆப் எதைக் கேட்டாலும் ‘அனுமதி மறு’ என்பதை அழுத்துவார். மேப் வேலை செய்யாது, கேமரா திறக்காது, என்னைத் திட்டுவார். ஒருநாள் ஒரு டார்ச் லைட் ஆப் அவருடைய காண்டாக்ட் லிஸ்டைக் கேட்டுவிட்டது.

“ஏனுங்க தம்பி, வெளிச்சம் போடறதுக்கு என்ற சொந்தக்காரங்க நம்பரெல்லாம் எதுக்குங்க? இருட்டுல தடுக்கி உழுந்தாலும் உழுவேன், அனுமதி குடுக்க மாட்டனுங்க.”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்று மாலை நிஜமாகவே என் கடைப் படியில் தடுக்கினார். அப்போதும் சொன்னார்: “பார்த்தீங்களா, உழுந்தாலும் குடுக்கலீங்க.”

வளைவில் வந்த ரகசியம்

மறுநாள் செல்லம்மாக்கா லயமே கூடிச் சொன்ன பாஸ்வேர்டுகளோடு வந்தார். ஒன்றும் திறக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே வழி ஓடிபி. புது போன் என் கடை வைஃபையில். ஓடிபி வரும் சிம் அவருடைய பட்டன் போனில். அந்த சிம்முக்குச் சிக்னல் கிடைப்பதோ மேலே பஸ் திரும்பும் வளைவில். “தங்கச்சி என்ன நெனைக்கிறாளோ” என்று முனகிக்கொண்டே ஏறிப் போனார்.

ஓடிபி வந்தது. அங்கிருந்து கத்தினார். நடுவில் டீக்கடைக்காரர் அதை வாங்கி எனக்குக் கத்தினார். நான் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். திறந்துகொண்டது.

பழனிசாமி சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க இறங்கி வந்தவரிடம், “திருடன் பஸ் ஸ்டாப்புல நின்னாப் போதுமுங்களே” என்று அங்கலாய்த்தார். செல்லம்மாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நம்ம கைக்கு வர்றதுக்குள்ளயே அதுக்கு நேரம் முடிஞ்சு போகுது சார். திருடனுக்கு மட்டும் நின்னுக்கிட்டா இருக்கும்?”

அந்தப் பக்கம்

உள்ளே தங்கையின் செய்திகள் குவிந்து கிடந்தன. கடைசியாக வந்ததை நான்தான் வாசித்துக் காட்டினேன்: ‘ஏன் அக்கா பேசுறதில்ல? எங்கிட்ட கோவமா?’ வீடியோ காலைப் போட்டுச் செல்லம்மாக்கா கையில் கொடுத்தேன். மழை, போன், பாஸ்வேர்டு, வளைவு என்று இவர் கொட்டித் தீர்த்தார். அந்தப் பக்கம் தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “நனைஞ்சது போனுதானே அக்கா, நீ இல்லியே?”

புதுப் பாஸ்வேர்டு

இனி பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும், அது உங்கள் உரிமை, எனக்கும் சொல்லாதீர்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பழனிசாமி சார் கண்ணாடியையே கழற்றிவிட்டார்.

அடுத்த வாரம் ரீசார்ஜுக்கு வந்தவரிடம், “லயத்துல சொல்லிட்டீங்களாக்கா?” என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: “ஒருத்தருக்கும் சொல்லல தம்பி. தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லி வச்சிருக்கேன். மறந்தா அந்தக் கணக்கைத் தொறந்து அவகிட்ட கேட்டுக்குவேன்.”

அந்தரங்கத்தைக் காப்பது பற்றி ஊருக்கு உபதேசம் செய்யும் என் கடையின் சுவரில், அன்றிலிருந்து, தங்கையிடம் கேட்டு வாங்கிய ஓர் இலங்கை நம்பர் எல்லோரும் பார்க்கும்படி கொட்டை எழுத்தில் இருக்கிறது.