படகுப் படம் போட்ட பேப்பர்

இன்று காலை பீகாரில் ரோசேரா பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு பிசேசர் மகதோவைப் பார்த்தேன். பேப்பர் விற்கிறவர். முன்பெல்லாம் அவர் கூவினால் பாட்னா பஸ்ஸில் தூங்குகிறவனும் முழித்துக்கொள்வான். இப்போது வாயே திறப்பதில்லை.

பிசேசருக்கு எழுத்து தெரியாது. பேப்பரில் படத்தை மட்டும்தான் பார்ப்பார். அதனால் தினமும் முதல் பேப்பர், கோர்ட்டில் மனு எழுதும் நந்தலால் முன்ஷிக்கு ஓசி. டீக்கடையில் உட்கார்ந்து முன்ஷி தலைப்பைச் சொல்வார், பிசேசர் அதைக் கூவி விற்பார். ஆனால் அந்த ஒரே பேப்பரை முன்ஷி கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்துவிடுவார். சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் காதால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் யார் வாங்குவார்கள்? "இனியும் கட்டு அப்படியே திரும்பி வந்துச்சுன்னா வேற ஆள வெச்சுக்கிறேன்" என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான்.

ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடிய ஒரு மழைக்காலக் காலையில் பிசேசர் துணிந்துவிட்டார்.

"முன்ஷி ஜீ, இனிமே காசு குடுத்து வாங்கிக்கங்க. நீங்க படிச்சா என் யாவாரம் படுத்துருது."

முன்ஷி கைனிப் புகையிலையைக் கசக்கி உதட்டுக்குள் வைத்தார். "அடேங்கப்பா, பேப்பர் முதலாளி! சரி, தலைப்பையாவது காட்டு. சொல்லித் தொலைக்கிறேன்."

பிசேசர் விரித்துப் பிடித்தார். முன்ஷி கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார். டீக்கடையில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஐயையோ! ஆத்தங்கரை ஒடைஞ்சிருச்சாம்டா. ஊருக்குள்ள தண்ணி வருதாம்!"

பிசேசர் படத்தைப் பார்த்தார். தண்ணீர். படகு. படகு நிறைய ஜனம். மனுஷன் சும்மா நம்பவில்லையே, பார்த்துவிட்டுத்தானே நம்பினார்!

"கரை ஒடைஞ்சிருச்சு! தண்ணி வருது!"

பஸ் ஸ்டாண்டு சிதறியது. காய்கறிக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு பெரியவர் மிதிபட்டார். பேப்பரைப் பிடுங்கியவர்களும் படத்தைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

கடைசியில் ஒரு காலேஜ் பெண்தான் படித்தாள். "இது பாட்னாவுல படகு சவாரி ஆரம்பிச்ச படம். கரை ஒடைஞ்சதா எங்கயுமே இல்ல."

ஓடினவர்கள் திரும்பி வந்தார்கள். செருப்பு, சைக்கிள் செயின், தராசுக் கல் எல்லாவற்றோடும்.

"முன்ஷி ஜீதான் சொன்னாரு! முன்ஷி ஜீ, சொல்லுங்க!"

முன்ஷி டீயை ஊதிக் குடித்தார். "நானா? எனக்குத்தான் நீ பேப்பரே குடுக்கலையே. நான் எப்படிப்பா படிப்பேன்?"

டீக்கடையே சிரித்தது. தராசுக் கல் பிசேசரின் வாயில் விழுந்தது. முன்பற்கள் போயின. நாக்கும் கிழிந்தது.

ஏஜெண்டு இப்போது பாதிக் கட்டுதான் தருகிறான். பிசேசர் படம் மேலே தெரிகிற மாதிரி அடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் பேப்பரை இன்றைக்கும் அவரே எழுந்துபோய் முன்ஷியிடம் நீட்டினார். ஓசிதான்.

"என்ன முதலாளி, இன்னிக்கு எந்தக் கரை ஒடையுது?"

எல்லாரும் சிரித்தார்கள். பிசேசரும் கூடவே சிரித்தார், அந்தப் பொக்கை வாயோடு.

ரோசேரா பக்கம் போகிறவர்கள் அவரிடம் ஒரு பேப்பர் வாங்குங்கள். அங்கேயே நின்று, தலைப்பை உள்ளது உள்ளபடி அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் இதைப் பகிருங்கள், ப்ளீஸ்.