டீக்கடை பெஞ்சில் நன்னடத்தை விசாரணை

எங்கள் ஊரில் யார் யோக்கியர், யார் அயோக்கியர் என்பதை அரசாங்கம் பல வருஷம் என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் டீக்கடைக்காரன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில், பஸ் நிற்கிற இடத்தில் கடை. ஊரில் யாருக்காவது சர்க்கார் வேலை கிடைத்தால், உத்தரவு கைக்கு வருவதற்கு முன், ஆள் எப்படி என்று விசாரிக்கப் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு வந்து இறங்குவார். வேட்டி சட்டையில்தான் வருவார். ஆனாலும் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார்கள்.

"பாய், இந்த ஆளு எப்படி?" என்பார். அவ்வளவுதான் விசாரணை.

ஏன் என்னிடம்? மிராசுதாரைக் கேட்டால் கூலிக்காரத் தெருவைத் திட்டுவார். கூலிக்காரத் தெருவில் கேட்டால் மிராசுதாரைத் திட்டுவார்கள். அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு, வெளியூர் ஆள் இறக்குவது, வயலுக்குப் போலீஸ் காவல் என்று ஊர் இரண்டாகக் கிடந்த காலம். நான் நாகூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. "நீங்கதான் பாய் நடுவுல இருக்கிற ஆளு" என்பார் ஏட்டு. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கேட்டவரையெல்லாம் நல்லவர் என்றே சொல்லிவந்தேன். அது பொய்யும் இல்லை. வாத்தியார் வேலைக்கும் கம்பவுண்டர் வேலைக்கும் போனவர்கள் நல்ல பிள்ளைகள்தான்.

பிறகு, ஊர் நிலக் கணக்கு எழுதுகிற பரம்பரைக் கர்ணம் வேலையை அரசாங்கம் ஒரே உத்தரவில் ஒழித்தது. இனிப் பரீட்சை எழுதித் தேறியவர்தான் கிராம அதிகாரி என்றார்கள். கூலிக்காரத் தெருவில் வெடி போட்டார்கள். கடைசியில் பார்த்தால், முதலில் தேறி வந்தவர் பழைய கர்ணத்தின் தம்பி மகன். யாரைப் பிடித்தாரோ, சொந்த ஊருக்கே வேலையும் வாங்கிக்கொண்டார்.

அவரைப் பற்றித் தெரியாதவர் ஊரில் கிடையாது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர் அவர். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில், வயலில் கால் நனைக்காத மிராசுதாரின் பெயரை எழுதினார். தாத்தா காலத்திலிருந்து உழுத குடும்பங்கள் அடுத்த சம்பாவுக்குக் கூலிக்காரர்கள் ஆயின. அதில் ஒருவர் விடியலில் முதல் டீக்கு என் கடைக்கு வருகிறவர். நிலத்தையும் இழந்து, ஓர் அறுப்புத் தகராறில் சிறைக்கும் போய்வந்தார். வழக்கு நிற்கவில்லை; ஜெயிலுக்குப் போனவன் என்ற பேர் நின்றது.

ஏட்டு வந்து புது அதிகாரியைப் பற்றிக் கேட்டபோது, அத்தனை வருஷத்தில் முதல் முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரி பாய்" என்று எழுந்து போனார். அடுத்த மாதமே அதிகாரி வேலையில் சேர்ந்துவிட்டார். கடைக்கு வந்து, "நம்மளப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னீங்களாமே பாய்" என்று சிரித்தார். டீ குடிக்கவில்லை.

சில வருஷம் கழித்து, நிலமிழந்த அந்த மனிதரின் மகள் அதே பரீட்சையில் தேறினாள். என் கடைக்கு வரும் பேப்பரை மத்தியானம் வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பித் தருகிற பெண். அவள் தெருவிலிருந்து ஒருவர் சர்க்கார் வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஏட்டு எப்போது வருவார் என்று நான் காத்திருந்தேன். வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"இருங்க பாய். உங்க பேச்ச எழுத முடியாது. கிராம அதிகாரி மேல நீங்க பொய் சொன்னதா மேல பதிவாயிருக்கு. நீங்க நல்ல பொண்ணுன்னு சொன்னா, அந்தப் பொண்ணுக்குத்தான் கெடுதல்."

"அப்ப யாரக் கேப்பீங்க?"

"அவரத்தான். ஊர் அதிகாரி அவருதானே? அப்பன் ஜெயிலுக்குப் போனத எழுதியே தர்றேங்கிறாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பாய்லரைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் ஏட்டு கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். அந்த அதிகாரியைப் பற்றி அன்று சொன்னது தவறு, அவர் யோக்கியமானவர் என்று நான் இப்போது சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் என் வார்த்தை மறுபடி செல்லுமாம். அவரும் பெண் விஷயத்தில் குறுக்கே நிற்க மாட்டாராம்.

பெண்ணின் அப்பாவைத் தேடிப் போனேன். தன் பழைய வயலிலேயே கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"சொல்லிடுங்க பாய். நெலந்தான் போச்சு. பொண்ணாச்சும் பொழச்சிக்கிட்டும்."

மறுநாள் சொன்னேன். ஏட்டு எழுதி வாசித்துக் காட்டினார். 'மேற்படியார் நேர்மையானவர், நல்லொழுக்கம் உள்ளவர், பொதுமக்களிடம் நற்பெயர் பெற்றவர்.' அடுத்து பெண்ணைப் பற்றி எழுதி வாசித்தார். ஓர் எழுத்து மாறவில்லை.

அவளுக்கு உத்தரவு வருவதற்குள் இன்னொன்றும் நடந்தது. பொய்க் கணக்கு எழுதினார் என்று நிலமிழந்தவர்கள் அதிகாரி மேல் கொடுத்திருந்த மனு தள்ளுபடியாயிற்று. உள்ளூர்க்காரர்களே அவரை யோக்கியர் என்கிறார்களாம். உள்ளூர்க்காரர்கள் என்றால் நான் ஒருவன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவளைப் போட்டிருந்தார்கள். புறப்படும் நாளில் அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். அவள் மட்டும் கடைக்குள் வந்தாள்.

"மாமா, ஏட்டு என்னப் பத்தி என்ன எழுதுனாரு? தெருவெல்லாம் சொல்லணுமாம், அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த வார்த்தைகளை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த அதிகாரிக்கு என்ன எழுதுனாரு?"

"அதேதாம்மா."

சாலையில் பஸ் வந்துவிட்டது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.