ஐம்பத்தைந்து நிமிஷ இடைவெளி

டிக்கெட் ஆபீஸில் அவளுக்கு டைம்டேபிள் அக்கா என்று பேர். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. அவள் மட்டும் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை.

வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

"ஐம்பது நிமிஷம் போதும்னு போட்டிருக்காங்களேம்மா?"

"போட்டவன் ஓட மாட்டான் சார், நீங்கதான் ஓடணும்."

பக்கத்து மேஜை விசாக்காரர் விடமாட்டார். "அவங்க சொன்னா கேளுங்க சார். சினிமாவுக்கே ஒரு மணி நேரம் முன்னாடி போய் சீட்டைத் துடைச்சுட்டு உக்காருற ஆளு."

அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட நான்காம் நாள், டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க."

வர வேண்டியவன் வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவன்தான். நாலாயிரத்து நூறு கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஐந்தரை மணி நேரம். அன்றைக்கு நேர் விமானம் கிடையாது. மாறி வருவதில் இரண்டு வழி இருந்தது. ஒன்றில் நடுவில் நாலு மணி நேரம் காத்திருந்து, மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வந்து சேரலாம். இன்னொன்றில் ஐம்பத்தைந்து நிமிஷம்தான் இடைவெளி. காலை பத்துக்கே இறங்கிவிடலாம்.

உள்ளே அம்மா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "சின்னவன் கிளம்பிட்டானா?" என்றாள்.

அவள் பத்து மணிக்கு வருவதைப் போட்டாள்.

காலை ஆறரைக்கு போன் வந்தது. மூச்சு வாங்கியது அவனுக்கு. "அக்கா, கதவை மூடிட்டாங்க. முதல் விமானமே அரை மணி லேட்டு. ஓடினேன்க்கா... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது, ஏத்த மாட்டேங்கிறான்."

"அடுத்தது?"

"அங்கே சாயங்காலம் ஆறுக்கு இறங்குறதுதான் இருக்காம்."

அவனிடம் பேசிக்கொண்டே இன்னொரு போனில் விமானக் கம்பெனிக்கு அடித்துப் பார்த்தாள். வேறு எதிலும் இடமில்லை. யாருக்கோ சொல்வதுபோல, "சரி, அதுலயே வா" என்றாள்.

ஒரு மணிக்கு அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது. இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தாள். "வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குதே, அவனா பாரு" என்றாள். வந்தது நர்ஸ். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டாள். மூன்று நாற்பதுக்கு மூச்சு நின்றுவிட்டது.

ஏழு மணிக்குப் பையும் கையுமாக வந்த தம்பி, துணி போர்த்திய கட்டிலின் அருகே வெகுநேரம் நின்றான். பிறகு வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எத்தனை மணி வரைக்கும் பேசினாங்க?"

"ரெண்டு, ரெண்டரை."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். "நீ என்னக்கா பண்ணுவே. இருந்ததுலயே சீக்கிரம் வர்றதைத்தானே போட்டுக் குடுத்தே."

"ஆமாடா" என்றாள்.

ஒரு மணிக்கு வருகிற இன்னொன்று இருந்ததை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.