பள்ளிக்கூடத்து ப்ராக்ஸியும் கலியமூர்த்தி அண்ணன் நெல்லும்

எங்கள் தொழிலில் நெட் வந்தால் நம்மை யாருக்கும் தெரியாது, வராவிட்டால் நம் குலம் கோத்திரம் வரை இழுப்பார்கள். பள்ளிக்கூடங்களில் நெட்வொர்க் பழுது பார்த்து வயிறு வளர்க்கும் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பள்ளிக் கம்ப்யூட்டர்கள் நேராக இணையத்துக்குப் போகாது. நடுவில் ப்ராக்ஸி சர்வர் என்று ஒரு பெட்டி இருக்கும். பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அதுதான் முடிவு செய்யும். ஒருமுறை கொண்டுவந்த பக்கத்தைத் தன்னிடமே வைத்திருந்து, அடுத்த ஆள் கேட்டால் அதையே எடுத்து நீட்டும். நம் ஊர் லைன் வேகத்துக்கு அப்படிச் செய்தால்தான் பிழைக்க முடியும்.

மன்னார்குடியிலிருந்து ஸ்கூட்டியில் போய் நான் பழுது பார்த்துவந்த ஒரு கடைமடைக் கிராமத்துப் பள்ளியில் நடந்தவை இவை.

சாயங்கால ஷட்டர்

தினமும் காலையில் முதல் பீரியட் முடியும்வரை நெட் வருவதில்லை என்று கம்ப்யூட்டர் டீச்சர் ஷாகிதா புகார் செய்தார். கேபிளைப் பார்த்தேன், ஸ்விட்சைப் பார்த்தேன், லைன் கொடுத்தவனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், பள்ளி உதவியாளர் கலியமூர்த்தி அண்ணன் தினமும் சாயங்காலம் ப்ராக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். காலையில் மணி அடித்து, கேட் திறந்து, பெருக்கி முடித்து, ஞாபகம் வரும்போது மாட்டுகிறார்.

மனிதர் இந்த வேலைக்கு வருமுன் வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடும் லஸ்கருக்கு உதவியாளாக இருந்தவர். தண்ணீர் வீணாகப் போனால் தாங்காது. பிளக்கைப் பிடுங்காமல் பட்டனை அமுக்கி நிறுத்தி, பிறகு சுவர் ஸ்விட்சை அணைக்கவும், வந்தவுடன் முதல் வேலையாகப் போடவும் சொல்லிக்கொடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். கரண்ட் மிச்சமாகிறதே என்று ஹெச்.எம். அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். அண்ணனுக்கு என் மேல்தான் பரிதாபம்.

"புள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் யாருக்குங்க தங்கச்சி தொறந்து வச்சிருக்கணும்? வேலை முடிஞ்சா ஷட்டரை எறக்கிடணும்ங்க."

அடைத்து வைத்த வானம்

சம்பா அறுப்பு நேரம். கலியமூர்த்தி அண்ணன் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். அந்த நெல்லை நம்பித்தான் மகளைத் திருவாரூரில் நர்சிங் சேர்த்திருந்தார். காலையில் லேபைத் திறந்தவுடன் ஷாகிதா டீச்சரிடம் வானிலைத் தளத்து மேகப் படம் போடச் சொல்லிக் கேட்பார். அவரிடம் இருந்தது பட்டன் போன். டிவிக்காரர்கள் தினமும் மழை என்று சொல்லிச் சொல்லி, அவர்களை நம்புவதை ஊரே விட்டிருந்தது. பெரிய திரையில் கடலும் கரையும் தெரிகிற அந்தப் படத்தைத்தான் அவர் நம்பினார்.

ஒருநாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை. அதில் வீடியோ இருக்கிறது என்று சினிமாத் தளங்களோடு சேர்த்து ப்ராக்ஸி அதையும் அடைத்துவிட்டது. நான் போய்த் திறந்துவிடும்வரை அண்ணன் என் பின்னாலேயே நின்றார்.

"சினிமாவ அடைச்சு வைங்க, வேணாங்கல. வானத்தை எதுக்குங்க தங்கச்சி அடைச்சு வச்சீங்க?"

மதியச் சாப்பாட்டு மணி

அதற்குப் பிறகு வேறு புகார் வந்தது. முக்கியமான தளம் எதைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்கிறதாம். நான் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும். அண்ணன் உற்சாகமாக இருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம், காயவைத்துக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்களாம். காலையில் படத்தில் வானம் சுத்தமாக இருந்ததால் குவித்து வைத்திருந்த அம்பாரத்தைக் கலைத்து, நெல் முழுவதையும் களத்தில் பரப்பிவிட்டு, தார்ப்பாயைப் பக்கத்து அம்பாரக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு வெயில் போதும், நாளைக்குப் போட்டுவிடலாம் என்றார்.

அவர் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோதே மழை பிடித்தது. மணி அடிக்கும் கட்டையை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். களம் மூன்று கிலோமீட்டர். தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. நான் ப்ராக்ஸியின் திரையைப் பார்த்தேன். மூலையில் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி இருந்தது. மேகப் படத்தைப் புதிதாக வரவழைத்தேன். கடலிலிருந்து நம் தலைக்கு மேல்வரை ஒரே வெள்ளை. ஷாகிதா டீச்சர் அழுதுவிட்டார்.

"காலையில நான்தானேம்மா படத்தைப் போட்டுக் காட்டினேன். அதுல ஒரு பொட்டு மேகம்கூட இல்லையேம்மா."

செத்த பேட்டரி

இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால், கரண்டை அணைத்துப் போடும்போதெல்லாம் பெட்டி பழைய தேதிக்கே திரும்பிவிடும். தளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்றதும் அந்தத் தப்புத் தேதியால்தான். தினமும் அதே தேதியில் விழித்த பெட்டிக்கு முன்தினம் வாங்கிய படம் அன்றைக்கு வாங்கியதாகவே தோன்றியிருக்கிறது. அதையே எடுத்து நீட்டிவிட்டது.

மறுநாள் பேட்டரியோடு போனேன். அண்ணன் வேலைக்கு வந்திருந்தார். நனைந்த நெல் சூடேறி முளைகட்டத் தொடங்கிவிட்டது, கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். மகள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாளாம். பேட்டரி செத்ததால் வந்த வினை, யார் மேலும் தப்பில்லை என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேட்டரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராத்திரி நிறுத்தாமலே ஓடியிருந்தால் தேதி பின்னால் போயிருக்காதா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு, போயிருக்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வயலு காஞ்சா மொதல்ல ஷட்டரை எறக்குனது யாருன்னுதாங்க தங்கச்சி கேப்போம். எறக்குனவன் நான்தானுங்களே."

புது பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, மேகப் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பழுது நீங்கியது.