ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்காக ஒரு ஸ்தோத்திரம்

சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகனுடைய இரண்டு கால்களும் செத்துப் போயின. அவனுக்கு வயது இருபத்திரண்டு. 

அன்பானவர்களே, நான் பெஞ்சமின். எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு நத்தார் தாத்தா வேஷம் போடுகிறவன். வயிற்றுக்குத் தலையணை தேவைப்படாததால் வருஷா வருஷம் எனக்கே அந்த ஊழியம் கிடைக்கிறது. நான் வாயைத் திறந்தால் சனம் சிரிக்கும். அது ஒரு வரம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன்.

மகன் நிரோஷன் கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். நிலாவெளிக் கடலில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்கு இறங்கி அட்டை பொறுக்குவார்கள். ஒரு சிலிண்டர் முடிந்ததும் மேலே வந்து, அடுத்ததை மாட்டிக்கொண்டு திரும்பவும் இறங்குவார்கள். எங்கள் கரையில் பள்ளிக்கூடத்தை விட்ட பொடியன்களுக்கு வேறு என்ன தொழில் இருக்கிறது? அன்று விடியக் கடலுக்குப் போய் வந்தவன், தோள் உளைகிறது என்று ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தான். தேத்தண்ணி எடுக்க எழும்பினவன் அப்படியே நிலத்தில் விழுந்தான்.

"என்னடா, விடியவே தண்ணி போட்டிட்டியோ?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"அப்பா, கால் இருக்கிறதே தெரியேல்லை."

சிரித்த வாயை மூட மறந்து நின்றேன்.

எங்கள் கரையில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தவனுக்கு உடம்பில் காற்று ஏறிவிட்டது என்பார்கள். மறுபடி சிலிண்டரைக் கட்டி, அதே ஆழத்துக்கு இறக்கி வைத்திருந்தால் காற்று கலைந்துவிடும் என்பார்கள். அப்படி எழும்பி நடந்தவர்களைப் பற்றிக் கரையில் நிறையக் கதை உண்டு. எழும்பாதவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்று என் மனைவி ரெஜினா அழுதாள்.

"நீ சும்மா இரு. கடலில வந்தது கடலிலதான் போகும்" என்றேன் நான், ஏதோ படித்துப் பட்டம் வாங்கினவன் போல. அவனுடைய கூட்டாளிமாரும் நானும் அவனைத் தூக்கி, நான் மீன்பிடிக்கப் போகிற போட்டில் கிடத்தினோம்.

எஞ்சின் கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்தேன். இருமவும் இல்லை. முந்தின நாள் ஒரே இழுவையில் எழும்பின எஞ்சின்!

"ஆண்டவரே, இதை மட்டும் ஸ்டார்ட் ஆக்கித் தாரும். இனி உம்மட்ட ஒண்டும் கேக்கமாட்டன்" என்று கத்திக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தேன். கயிறு அறுந்து என் கையோடு வந்தது. நான் மல்லாக்கக் கடலுக்குள் விழுந்தேன்.

கரையில் தள்ளி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பெஞ்சமின் அண்ணை தொடங்கிட்டார்!" என்று ஒருவன் கைதட்டினான். அவர்கள் மேல் பிழையில்லை. போட்டுக்குள் கிடந்த மகன் அவர்களுடைய கண்ணுக்குத் தெரியவில்லை. நான் தண்ணீரில் கிடந்தபடியே வானத்தைப் பார்த்து, சபையில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை ஆண்டவரிடம் சொன்னேன். நான் மனதாரச் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

எழும்பிப் பார்த்தால், ரெஜினா ரோட்டிலிருந்து ஒருவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்ற வருகிற லொறிக்காரர் நிஸார். அவர் மகனைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த சிலிண்டரைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது.

"திரும்ப இறக்கப் போறீங்களா அண்ணன்?"

"ஓம். எஞ்சின்தான் சரிவரேல்லை..."

"வேணாம். என்ட தம்பியையும் இப்படித்தான் இறக்கின. மூச்சில்லாம, மையித்தாத்தான் மேல எடுத்த."

நான் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டேன். சிரித்தவர்கள்தான் முதலில் ஓடி வந்து மகனைத் தூக்கினார்கள்.

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவனைக் கிடத்திக்கொண்டு, உடம்பில் ஏறின காற்றைக் கலைப்பதற்கென்றே அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு நிஸார் லொறியை விட்டார்.

"திரும்ப தண்ணிக்க இறக்கினீங்களோ?" என்றுதான் டொக்டரம்மா முதலில் கேட்டார்.

"இல்லை டொக்டர். எஞ்சின் ஸ்டார்ட் ஆகேல்லை."

"நல்ல காலம். இவருக்குக் கையும் சோரத் தொடங்கிட்டுது. இறக்கியிருந்தா அடியில வாயில இருக்கிற குழாயைப் பிடிச்சிருக்க ஏலாது."

அப்படியென்றால் நான் கத்திக் கத்திக் கேட்டது என் பிள்ளையின் சாவை. அதைத் தரமாட்டேன் என்று ஆண்டவர் கயிற்றை அறுத்திருக்கிறார். நானோ அவரைத் தூஷணத்தால் ஏசியிருக்கிறேன்.

தண்ணி பவுசர் லொறியின் தொட்டி போன்ற ஓர் இரும்பு அறைக்குள் மகனை விட்டுக் கதவை மூடினார்கள். வெளியே நின்ற எனக்குப் பகிடியும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. பக்கத்தில் நிஸார் கையை ஏந்தித் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு நான் ஆமென் சொன்னேன். போதகர் இதை வாசித்தால் மன்னிக்கட்டும்.

அடுத்த நாளும் அந்த அறைக்குள் விட்டார்கள், அதற்கடுத்த நாளும் விட்டார்கள். ஒரு பின்னேரம் கட்டிலில் படுத்திருந்தவன் சிணுங்கினான்.

"அப்பா, நுளம்பு கடிக்குது."

"எங்கயடா?"

"கால்ல."

நான் நுளம்பை அடிக்கவில்லை. இரத்தத்தைக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று அழுதேன்.

இப்போது நிரோஷன் நடக்கிறான். கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். இனி ஆழத்துக்குப் போக ஏலாது. கூட்டாளிமாரோடு சேர்ந்து, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வலை அடைத்து அட்டை வளர்க்கிறான். மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை மண்டபத்தில் ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருவர் சுழியோடுகிற பொடியன்களுக்கு வகுப்பு எடுக்கிறார். எவ்வளவு நேரம் கீழே நிற்கலாம், எப்படி மெதுவாக மேலே வரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். கிண்ணியாப் பொடியன்களை நிஸார் லொறியில் ஏற்றி வருகிறார்.

என் மகனைக் காத்த ஆண்டவர் நிஸாருடைய தம்பியை ஏன் காக்காமல் விட்டார்? எனக்குத் தெரியாது. தெரிந்தது போல் சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. தன் தம்பி செத்த கதையைச் சொல்லி என் பிள்ளையைக் காப்பாற்றினவரை ஆண்டவர் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

கேட்டது கிடைக்கவில்லை என்று ஆண்டவரோடு கோபமாயிருக்கிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அவரை நம்புங்கள். என்னைப் போல ஏசினாலும் அவர் தாங்குவார். ஆனால் பிள்ளைக்கு வலி என்றால் மட்டும் பொறுக்க வேண்டாம். ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.