கொல்லையில் இருந்து தெரிகிற மலை

என் மனைவி தமிழ்செல்வி இந்த மாவட்டத்தில் பாதிப் பேருடைய காதைப் பார்த்தவள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும். மனு கொடுக்க வருகிறவர்கள், வேலைக்கு எழுதிப் போடுகிறவர்கள், பென்ஷன் கேட்டு அலைகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே ஸ்டூல்தான். "முடிய பின்னாடி தள்ளுங்க, துண்ட எடுத்துடுங்க, நேரா பாருங்க" என்பாள். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு வடிப்பது நான்தான்.

படம் எடுப்பதில் அவளுக்கு ஒரே சட்டம்: முகத்துக்கு முன்னால் எதுவும் வரக்கூடாது. ஸ்டூடியோ வைப்பதற்கு முன்பே இந்தச் சட்டம் அவளிடம் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. சன்னதியில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாலே, "மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்று பின்னால் இருந்து நாலு பேர் குரல் கொடுப்பார்கள். சாமியை மறைப்பது இங்கே பெரிய தப்பு. எங்களுக்கு மலையே சாமி என்பதால், மலையைப் படம் எடுக்கும்போதும் தமிழ்செல்வி எதிரில் இருக்கிறதை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டுத்தான் எடுப்பாள். ஆடு, மாடு, சைக்கிள், ஆள் எதுவும் இருக்காது. நடுவில் மலை, சுற்றிலும் வெறும் வானம். வருஷா வருஷம் ஸ்டூடியோ காலண்டரில் அதைத்தான் போடுவாள்.

"காது ஒண்ணுதான் கொறச்சல். மத்தபடி மலைக்கு நல்ல பாஸ்போர்ட் போட்டோ" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

போன கார்த்திகையில் என் மாமனார் சடையன் நிலத்தை விற்க முடிவு செய்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டி இருக்கிற மேட்டு நிலம் அது. எங்கள் பக்கத்தில் அதைக் கொல்லை என்போம். வாங்குகிறவர் பிளாட் போடப்போகிறார். தை பிறந்ததும் பத்திரப்பதிவு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாமாவுக்கு ஒரு சின்ன வீடும் பார்த்தாகிவிட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. நான்கூட மெதுவாக, "யோசிச்சுதான் செய்றீங்களா மாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"யோசிக்க இன்னா கீது மாப்ள? முட்டி போச்சு, கெணறு வத்திப்போச்சு, கூலிக்கு ஆளு கெடைக்கல. ரெண்டு பக்கமும் பிளாட்டு போட்டுட்டான். நடுவுல நான் மட்டும் மல்லாட்ட போட்டுக்கினு இன்னா பண்றது? அங்க வந்தா கொழாயத் தொறந்தா தண்ணி, கூப்ட்டா ஆட்டோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

"காலைல பல்லு வெளக்கிக்கினே மலையப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுதான் கொல்லையில எறங்குவேன். நம்ம கொல்லையில இருந்து மலை தெரியுதே, அத ஒரு போட்டோ புடிச்சிக் குடும்மா. புது ஊட்ல மாட்டிக்கலாம்."

அவர் தமிழ்செல்வியிடம் எதையும் கேட்டுப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டாள். ஸ்டூடியோவுக்கு லீவு விட்டுவிட்டு, பெரிய லென்சையும் ஸ்டாண்டையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கின செடிகளைக் காய் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தமிழ்செல்வி போனதும் முதல் வேலையாக எல்லோரையும் எழுப்பி அந்தப் பக்கம் போகச் சொன்னாள். குவியலை ஓரம் தள்ளினோம். தண்ணீர்க் குடத்தை நகர்த்தினோம். மாமா தானே முன்னால் ஓடி ஓடி, கிடந்த கூடையை எல்லாம் எடுத்தார். சாமிக்கு முன்னால் இடம் துப்புரவாக இருக்க வேண்டும் அல்லவா? படுத்திருந்த நாயையும் கல் விட்டு விரட்டினார்.

படம் பிரமாதமாக வந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை தூரத்தில்தான் தெரியும். அதைப் பெரிய லென்ஸ் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டது. பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா கீதும்மா" என்றார். பிறகு, "இது பஸ் ஸ்டாண்டுல இருந்து எடுத்ததா?" என்றார்.

"நம்ம கொல்லையிலதாம்ப்பா எடுத்தேன். நீதான் கூட இருந்தியே."

"அப்பிடியா" என்றார் மாமா. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடித் தேடி வீடியோ பார்த்தாள். நிலக்காட்சி எடுக்கும்போது எதிரில், பக்கத்தில், கண் முதலில் கால் வைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் பார்வை தூரத்துக்குப் போக வேண்டும் என்று அதில் யாரோ சொன்னார்களாம். நம் ஆள் உடனே ஸ்டூடியோவில் பிறந்தநாள் குழந்தைகளுக்குப் பக்கத்தில் வைக்கிற பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வண்டி ஓட்டினவன் நான். வழியில் ஒரு டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

வரப்பின் மேல் ரோஜாத் தொட்டி, பின்னால் மலை. அந்தப் படத்தை முதலில் பார்த்தது தமிழ்செல்வியின் அம்மா, என் அத்தை ராஜம்மாள்.

"இது யாரு ஊட்டு ரோசா?" என்றார் அத்தை.

"பூ நல்லா கீது" என்றார் மாமா, மகள் மனம் நோகக்கூடாது என்று. மலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்தத் தொட்டி அதன் பிறகு ஸ்டூடியோவுக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலில் இருக்கிறது.

திரும்பி வரும்போது, "அவருக்கு இன்னா வேணும்னே புரியலங்க" என்றாள் பின்னால் இருந்து.

"பெருசா இன்னொண்ணு போட்டுக் குடுத்துடு. அவரு இன்னா வேணாம்னா சொல்லப்போறாரு? தை பொறந்துட்டா எல்லாம் முடிஞ்சுது."

"தை பொறந்துட்டா நான் எங்க நின்னு எடுக்கிறது? காம்பவுண்டு செவுத்து மேல ஏறியா?" என்று கத்தினாள். அவள் சொன்னது நியாயம். இந்த ஒரு படத்தை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். கடைசியாகப் பிடுங்கின செடிகள் மட்டும் வரிசை வரிசையாகக் கிடந்தன. பனி விலகி மலை முழுசாகத் தெரிந்தது. தமிழ்செல்வி இந்த முறை பெரிய லென்சை எடுத்து வரவில்லை. கல்யாண வீடுகளில் மொத்தக் கூட்டத்தையும் ஒரே படத்தில் அடக்குவதற்கு வைத்திருக்கிற அகல லென்சை மாட்டினாள். ஸ்டாண்டைத் தாழ்த்தச் சொன்னாள். அது ஸ்டூலில் உட்கார்ந்தவர் முகத்துக்கு நேராக வைத்துத் திருகினது. அப்புறம் அந்தத் திருகை யாரும் தொட்டதே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியும் அசையவில்லை.

"விடுங்க" என்றாள். கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் குந்தி உட்கார்ந்தாள். பிறகு முட்டி போட்டாள். அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்துவிட்டாள். ரோட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாங்க, மயக்கம் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, போட்டோ எடுக்கிறார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

பின்னால் இருந்து வெயில் வந்ததால் அவள் நிழலே எதிரில் விழுந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்று படுத்தபடியே காத்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேமராவின் திரையைக் காட்டினாள். எனக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. நான் உரக்கடையில் வேலை பார்க்கிறவன். ஆனாலும் அதைப் பார்த்ததும் நானும் அவள் பக்கத்தில் முட்டி போட்டுவிட்டேன். கையால் தொடலாம் போல முதலில் சிவப்பு மண்கட்டி. அதன் மேல் ஈரம் காயாத இரண்டு மூன்று மல்லாட்டைக் காய். அதைத் தாண்டிக் கவிழ்த்துப் போட்ட செடிகள். செடிகளுக்கு நடுவே வரப்பு இடது பக்கம் போய், ஓரிடத்தில் வளைந்து, வலது பக்கமாகத் திரும்பிப் போனது. அது போன வழியே போனால், கடைசியில் மலை.

"மலை வெல்லக்கட்டி மாதிரி சின்னதா போச்சே" என்றேன்.

"போகட்டும்" என்றாள் தமிழ்செல்வி. என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா கையில் துடைப்பத்தோடு வந்தார். செருப்பை வரப்பிலேயே கழற்றிப் போட்டிருந்தார்.

"ஒரு நிமிசம் இரும்மா, இந்தக் குப்பைய வாரிடறேன். சாமி முன்னாடி இப்பிடியா போட்டுக்கினு எடுப்ப?"

"தொடாதப்பா! ஒண்ணையும் எடுக்காத!"

எத்தனை வருஷமாக "எடுத்துடுங்க, தள்ளிடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவள் அவள். அவள் போட்ட சத்தத்தில் மாமா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். பக்கத்து மண்கட்டியில் இருந்து தூரத்து மலை வரைக்கும் எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்பதால் கை கொஞ்சமும் ஆடக்கூடாதாம். எழுந்தபோது மூக்கில்கூட மண்.

தை பிறந்தது. பத்திரப்பதிவு அன்றைக்கு மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வருத்தமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். மனுஷன் இத்தனை லேசாக எடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஒரு பக்கம் கோபம்கூட வந்தது.

பால் காய்ச்சின அன்று தமிழ்செல்வி அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கூடத்தில் மாட்டினாள். அத்தை வழக்கம்போல் மலை உச்சிக்கு நேராகக் கண்ணாடியில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் மலையைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு மாமா எழுந்து வந்தார். படத்துக்குக் கிட்டே போய் நின்றார். அவர் மலையைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பு வளைகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான் ஒடைச்சிக்கும். ஒவ்வொரு தண்ணிக்கும் ஒடைச்சிக்கும். நான் மண்ண அணைச்சி மிதிச்சிட்டு வருவேன், திரும்பிப் பாத்தா மறுபடி ஒடைச்சிக்கினு இருக்கும்."

தமிழ்செல்வி அந்த வளைவை அழகுக்காக எடுத்தவள். கண்ணை மலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். இப்போது அப்பா பக்கத்தில் போய் நின்றாள்.

மாமா அவளைப் பார்க்காமலே கேட்டார். "ஏம்மா, இந்த மலைய வெட்டிட்டு, கீழ கீறத மட்டும் பெருசா போட்டுத் தர முடியுமா?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். மலையை எடுத்துவிடு என்று இந்த ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

"மலை எங்கியும் போவாதும்மா. இங்க மாடி ஏறினா இன்னும் பெருசா தெரியுது. இதுதான் போயிடிச்சி" என்றார். பதிவு ஆபீசில் ஒரு தரம்கூடக் கலங்காத மனுஷன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர்மேல் கோபப்பட்டதற்காக எனக்கு அப்போது என்மீதே வெறுப்பாக இருந்தது.

தமிழ்செல்வியும் அழுதாள். அழுதுகொண்டே, "மலை இல்லன்னா அது வெறும் மண்ணுப்பா. எந்தக் கொல்லைன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் மாமா.

மறுநாளே வெட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மலைப் படம் கூடத்தில் இருக்கிறது. அத்தை தினமும் அதற்குப் பூ வைக்கிறார். மண் படம் மாமாவின் கட்டிலை ஒட்டி, படுத்துக்கொண்டே கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறது.